ஏழரை அடியா, எட்டரை அடியா? பழைய ஃபைபர் கிளாஸ் மீன்பிடிக் கோல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பற்றி

நடுப் பென்சில்வேனியாவில் வசிக்கும் வாசகி ஒருவரிடமிருந்து வந்த கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, கேள்விக்குத் தேவையான விவரங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் ஃபிளை மீன்பிடிப்பை, அதாவது பூச்சியைப் போலச் செய்த ‘ஃபிளை’ என்னும் செயற்கை இரையை வீசி மீன் பிடிப்பதைக் கற்றுக்கொண்டு, அன்று முதல் ஒன்பதடிக் கார்பன் கோலையும் ஐந்தாம் எண் நூலையும் (எண் கூடக் கூட நூலின் எடையும் கூடும்) வைத்து மீன் பிடித்துவருகிறார். பெரும்பாலான நாட்களில் அவர் நிற்பது பெல்ஃபாண்ட் பக்கத்து ஸ்பிரிங் கிரீக்கில். மாதம் ஓரிரு முறை பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு மலையோடைகளுக்குப் புரூக் டிரவுட் என்னும் மீனைத் தேடிப் போகிறார். மே மாதக் கடைசியில் கிரீன் டிரேக் பூச்சிகள் கிளம்பும்போது பென்ஸ் கிரீக்கில் ஒரு மாலையாவது கழிக்கிறார். முப்பத்தைந்து அடிக்கு மேல் நூல் வீச வேண்டிய தேவை தனக்கு அநேகமாக வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

பக்கத்து வீட்டு முதியவர் அண்மையில் முதியோர் இல்லத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். வீட்டைக் காலி செய்யும் அவருடைய மகள், கராஜ் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மூன்று ஃபைபர் கிளாஸ் கோல்களை விற்க விரும்புகிறார். ஒன்று, ரைட் அண்டு மெக்கில் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஃபெதர்லைட், ஏழடி, நூல் எண் எழுதியிருந்த இடம் தேய்ந்துவிட்டது, விலை 40 டாலர். இரண்டாவது, பழுப்பு நிற ஃபென்விக்; பிடிக்கு மேலே ‘எஃப்.எஃப். 756’ என்று எழுதியிருக்கிறது. விலை 110 டாலர். மூன்றாவது, வெள்ளை நிற ஷேக்ஸ்பியர் வொண்டர்ராட். ‘எட்டரை அடி, எச்.சி.எச். அல்லது ஜி.பி.எஃப்.’ என்று எழுதியிருக்கிறது. விலை 70 டாலர். மூன்றையும் சேர்த்து எடுத்தால் 170 டாலருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வாசகியின் மனம் எட்டரை அடிக் கோலின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ‘ஊரில் அப்பா கண்மாயில் மூங்கில் கம்பு போட்டு மீன் பிடிப்பார், கம்பு நீளமானால் தூண்டில் தூரம் போகும் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன்’ என்கிறார். ஃபென்விக்கின் இரண்டு பாதிகளும் முழுதாக மூடாமல் நடுவே அரை அங்குலம் இடைவெளி நிற்பதைக் கண்டு, அது பழுதுபட்டதோ என்று சந்தேகப்படுகிறார். மூன்றையும் வாங்கி வைத்தால் பிற்காலத்தில் நல்ல விலை போகுமா என்பதும் அவருடைய கேள்விகளில் ஒன்று.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, கோல்களை அளந்து எழுதியிருந்த விதம். பூட்டி நிறுத்தி, அடிமுனையிலிருந்து நுனிவரை நாடா பிடித்து, மஞ்சள் கோல் 84 அங்குலம், ஃபென்விக் 90 அங்குலம், வொண்டர்ராட் 99½ அங்குலம் என்று குறித்திருக்கிறீர்கள். என்னிடம் பழுதுபார்க்க வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை. உங்கள் கேள்விகளில் முக்கியமான ஒன்றுக்கு விடை அந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் ஆலோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிற்கும் நீருக்கு ஏழரை அடி ஃபென்விக்தான் பொருத்தம். மகனுக்காக மஞ்சள் கோலையும் சேர்த்துக்கொள்ளலாம். எட்டரை அடி வொண்டர்ராடை விட்டுவிடுங்கள். ஏன் என்பதை விளக்கினால்தான், நாளை வேறொரு கொட்டகையில் வேறு மூன்று கோல்கள் கண்ணில் பட்டாலும் நீங்களே முடிவெடுக்க முடியும்.

நீளம் எதைத் தருகிறது, எதைக் கேட்கிறது

உங்கள் தந்தையாரின் மூங்கில் கம்பைப் பற்றி நீங்கள் சொன்னது அந்தக் கம்பைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. அங்கே நூல் கம்பின் நுனியில் கட்டப்பட்டிருக்கிறது. கம்பும் நூலும் சேர்ந்த நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் தூண்டில் போகும். ஃபிளை கோலில் கணக்கு வேறு. இங்கே வீசப்படுவது ஈயக்குண்டும் அல்ல, முள்ளும் அல்ல. நூலே எடையாகப் பறக்கிறது. கோல் செய்யும் வேலை, உங்கள் கையசைவை வாங்கி வளைந்து, நிமிரும்போது அந்த வேகத்தை நூலுக்குக் கொடுப்பது. ஓரடி அதிக நீளம் முப்பதடி வீச்சில் தூரத்தைப் பெரிதாகக் கூட்டிவிடாது. நூலை எவ்வளவு உயரத்தில் பிடிக்கலாம், தண்ணீரில் விழுந்த நூலை எவ்வளவு தள்ளிப் புரட்டிப் போடலாம் என்பதில்தான் நீளத்தின் பயன் தெரியும்.

அந்தப் பயன் சிறியதல்ல. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கோலின் நுனி அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. பின்வீச்சு கரையோரப் புல்லில் சிக்குகிறது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவே வேகமான நீரோட்டம் ஓடினால், அது நூலை இழுத்து ஃபிளையைச் செயற்கையாக நகர்த்திவிடும். நீளமான கோல் இருந்தால் நூலின் பெரும்பகுதியை அந்த ஓட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம். பென்ஸ் கிரீக் போன்ற அகன்ற நீரில் இவையெல்லாம் உண்மையான வசதிகள். ஆனால் அந்த நீருக்கு உங்களிடம் ஏற்கெனவே ஒன்பதடிக் கோல் இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மாலைகளுக்கு அதையே எடுத்துப் போங்கள். இருக்கிற வேலைக்கு இன்னொரு கோலை, அதுவும் கனமானதை, வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

கனம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொன்னேன். ஃபைபர் கிளாஸ் என்னும் கண்ணாடி நார் கார்பன் நாரைவிட அடர்த்தியானது, விறைப்பும் மிகக் குறைவு. பழைய கோல்களில் பெரும்பாலும் பயன்பட்ட ‘ஈ’ வகைக் கண்ணாடி நாரின் விறைப்பு, சாதாரணக் கார்பன் நாரின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவே வரும். ஆகவே ஒரே நீளத்துக்கு, ஒரே எண் நூலுக்கு, கண்ணாடிக் கோலைப் பருமனாகவும் கனமாகவும்தான் செய்ய முடியும். நீளம் கூடும்போது இந்தக் கனம் நேர்விகிதத்தில் கூடுவதில்லை. ஒரே பருமனுள்ள குச்சியாகக் கோலை வைத்துக் கணக்குப் போட்டால், கையில் பிடித்து ஆட்டும்போது உணரும் சுமை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. ஏழரை அடியிலிருந்து எட்டரை அடிக்குப் போனால் நீளம் ஓரடிதான் கூடுகிறது. ஆட்டும் சுமையோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. உண்மையான கோல் நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் எட்டரை அடிக் கோல் ஏழாம் எண் நூலுக்காகவும் ஏழரை அடிக் கோல் ஆறாம் எண் நூலுக்காகவும் செய்யப்பட்டவை என்பதால், பருமன் வேறுபாடும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் ஒரு மணி நேரம் வீசிப் பார்த்தால் உங்கள் மணிக்கட்டே சொல்லிவிடும்.

எட்டடிக்கு உட்பட்ட நீளங்களில்தான் கண்ணாடி தன் இயல்போடு இருக்கிறது என்பது இத்தனை காலம் இந்தக் கோல்களைக் கையாண்டதில் எனக்கு உண்டான கருத்து. அந்த நீளத்தில் அதன் குழைவு ஒரு குறையாகத் தெரிவதில்லை. பதினைந்து அடி நூல் வெளியே இருந்தாலே கோல் வளைவது கைக்குத் தெரிகிறது. ஆறு அங்குல மீனும் கோலைப் பிடிவரை அசைக்கிறது. லீடரின், அதாவது நூலுக்கும் ஃபிளைக்கும் நடுவே கட்டும் இழையின், மெல்லிய நுனி திடீர் இழுப்பில் அறுவதும் குறைகிறது. நீளம் எட்டடியைத் தாண்டத் தாண்ட, அந்தக் குழைவோடு நுனிக்கனமும் சேர்ந்து, வீச்சு முடிந்த பிறகும் கோல் ஆடிக்கொண்டே இருக்கும். எட்டரை அடியில் அருமையான கண்ணாடிக் கோல்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாஸ் மீனுக்குப் பெரிய ஃபிளைகளை வீசுகிறவர்கள் அவற்றைப் போற்றி வைத்திருக்கிறார்கள். உங்கள் வேலை அதுவல்ல.

இதற்கு நேரெதிரான தவறான எண்ணமும் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறது: கோல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு சுலபம், ஆகவே குழந்தைக்கு மிகக் குட்டையானதே நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர்பெற்ற அமெரிக்க மீன்பிடிப்பாளர் லீ வுல்ஃப் ஆறடிக் கோலில் சால்மன் மீனையே பிடித்துக் காட்டினார் என்பதை இதற்கு ஆதாரமாகச் சொல்வோர் உண்டு. அது அவருடைய கையின் திறமை. குட்டைக் கோலில் நுனி தாழ்வாக இருப்பதால் பின்வீச்சு சற்றுச் சாய்ந்தாலும் நூல் தரையைத் தொடும். நூலைப் புரட்டிப் போடுவதும் கடினம். சிறு பிழையைக்கூட அது மன்னிக்காது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஏழடி சரியான இடம். அதற்குக் கீழே போக வேண்டாம்.

எழுத்துகளும் எண்களும்

ஃபென்விக்கில் உள்ள 756 என்பதை வரிசை எண் என்று நினைத்துவிட்டீர்கள். முதல் இரண்டு இலக்கங்கள் நீளம், கடைசி இலக்கம் நூல்: ஏழரை அடி, ஆறாம் எண் நூல். வொண்டர்ராடில் உள்ள எச்.சி.எச்., ஜி.பி.எஃப். என்பவையும் மாதிரிப் பெயர்கள் அல்ல. 1960களின் தொடக்கத்தில் எடையை வைத்து நூலுக்கு எண் கொடுக்கும் முறை நிலைபெறுவதற்கு முன், நூலின் பருமனை எழுத்துகளால் குறித்தார்கள். எச் என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. சி என்றால் 50 பங்கு. ஆகவே எச்.சி.எச். என்பது இரு முனையும் மெலிந்து நடுவில் தடித்த நூல். இன்றைய கணக்கில் டபுள் டேப்பர் ஏழு. ஜி.பி.எஃப். என்பது முன்பாகம் தடித்த நூல். இன்றைய வெயிட் ஃபார்வர்ட் எட்டுக்கு அருகில் வரும். எழுத்துகள் மட்டும் இருந்து எண் இல்லாததால், உங்கள் வொண்டர்ராட் அந்த மாற்றத்துக்கு முந்தியதாகவோ அதை ஒட்டியதாகவோ இருக்க வேண்டும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். ஆர்தர் ஹோவால்ட் கண்டுபிடித்த முறையைக் கொண்டு, மிச்சிகனைச் சேர்ந்த ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1940களின் பிற்பாதியில் வொண்டர்ராடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை விதித்தபோது, நல்ல கோல்களுக்கு அடிப்படையான டோங்கின் மூங்கிலின் வரத்தும் நின்றுபோனது. கண்ணாடி நார் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1973இல் ஃபென்விக் நிறுவனமே கார்பன் ஃபிளை கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு கண்ணாடியின் காலம் மெல்ல ஒடுங்கியது. உங்கள் கையில் இருப்பவை அந்தக் கால் நூற்றாண்டின் சாதாரண உழைப்பாளிக் கோல்கள்.

எண்கள் உங்களுக்கு எப்படிப் பயன்படும்? ஐந்தாம் எண் நூலின் முதல் முப்பதடி 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம். ஆறாம் எண் 160 கிரெய்ன், 10.4 கிராம்; ஏழாம் எண் 185 கிரெய்ன், 12 கிராம். இந்த எடைகள் முப்பதடிக்கானவை என்பதை மறக்கக் கூடாது. ஹெம்லாக் மரங்களுக்கும் ரோடோடென்ட்ரான் புதர்களுக்கும் நடுவே மலையோடையில் நீங்கள் வெளியே விடுவது பன்னிரண்டு, பதினைந்து அடி நூல்தான். அதன் எடை பாதியாகிவிடுகிறது. அங்கே 756க்கு ஆறாம் எண் நூல் வேண்டும். இல்லாவிட்டால் கோல் வளையவே மறுக்கும். அதே கோலை ஸ்பிரிங் கிரீக்கில் முப்பதடி வீச்சுக்கு எடுத்தால், உங்களிடம் இருக்கும் ஐந்தாம் எண் நூலே போதும். சிறிய ஃபிளை மென்மையாகவும் இறங்கும். கோலில் எழுதியிருக்கும் எண்ணைச் சட்டமாக எடுத்துக்கொண்டு புதிய நூல் வாங்க ஓடாதீர்கள். முதலில் இருக்கிறதைப் போட்டுப் பாருங்கள். எண் தேய்ந்துபோன மஞ்சள் கோலுக்கும் இதே சோதனைதான்: ஐந்தாம் எண்ணில் தொடங்குங்கள், இருபதடி வீச்சில் கோல் விறைத்து நின்றால் ஒரு படி மேலே போங்கள்.

அந்த இரண்டரை அங்குலம்

இப்போது உங்கள் அளவுகளுக்கு வருகிறேன். எட்டரை அடி என்றால் 102 அங்குலம். உங்கள் வொண்டர்ராட் 99½ அங்குலம்தான் இருக்கிறது. ‘அந்தக் காலத்துக் கம்பெனிகள் உத்தேசமாகத்தான் எழுதியிருப்பார்கள் போலும்’ என்று நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். ஆனால் அதே பத்தியில், நூல் ஓடும் நுனி வளையம் மட்டும் மற்ற வளையங்களைவிடப் பளபளப்பாக, சற்றுப் பெரிதாக இருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகமே எழவில்லை: எப்போதோ நுனி உடைந்திருக்கிறது, உடைந்த இடத்தில் யாரோ புதிய வளையத்தை ஒட்டியிருக்கிறார்கள். காரின் கதவில் மாட்டி நுனி உடைவதுதான் எனக்கு வரும் பழுதுகளில் மிகச் சாதாரணமானது.

இரண்டரை அங்குலம் என்பது நூற்றியிரண்டில் அற்பமாகத் தெரியும். போனது எந்த இரண்டரை அங்குலம் என்பதுதான் விஷயம். கோலின் மிக மெல்லிய, மிகக் குழைவான பகுதி அது. மென்மையான வீச்சைத் தருவதும், மெல்லிய லீடரைக் காப்பதும், மீனின் முதல் தொடுதலைக் கைக்குச் சொல்வதும் அந்தப் பகுதியே. அது போன பிறகு கோல் முன்னைவிட விறைத்து, ஏழாம் எண் நூலுக்குப் பதில் எட்டாம் எண் நூலைக் கேட்கக்கூடும். இந்தக் கோல் இன்னும் மீன் பிடிக்கும். ஆனால் உங்கள் டிரவுட் ஓடைகளிலிருந்து இன்னும் ஒரு படி விலகிவிட்டது. 70 டாலரும் இதற்கு அதிகம்.

ஃபென்விக்கின் அரை அங்குல இடைவெளி இதற்கு நேர்மாறானது. குறையென்று உங்களுக்குத் தோன்றியது, உண்மையில் கோல் நல்ல நிலையில் இருப்பதன் அடையாளம். உலோகக் குழாய்க்குப் பதிலாக, கண்ணாடிப் பாதியின் மேல் மற்றொரு கண்ணாடிப் பாதி ஏறி இறுகும் ‘ஃபெராலைட்’ இணைப்பு இது; ஃபென்விக்கில் ஜிம் கிரீன் உருவாக்கியது. ஆப்பு இறங்குவதுபோல் இறங்கி, இறுக்கம் வந்ததும் நின்றுவிட வேண்டும். பல ஆண்டுத் தேய்மானத்தில் மேற்பாதி மேலும் மேலும் கீழே இறங்கும் என்பதால்தான் இடைவெளி விட்டுச் செய்தார்கள். அது முழுதாக மூடிவிட்ட கோலைக் கண்டால்தான் கவலைப்பட வேண்டும். அது தளர்ந்துவிட்டது என்று பொருள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மூடச் செய்யலாம் என்று உங்கள் நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நல்ல இணைப்பு கெட்டுவிடும்; கண்ணாடித் தூளைச் சுவாசிப்பதும் நல்லதல்ல. வெள்ளை மெழுகுவத்தியை ஆண்பாகத்தில் லேசாகத் தடவி, மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்; அதுவே போதும்.

பணம் கொடுக்கும் முன்

வீட்டு வாசலில் தனியார் விற்கும் பழைய பொருளுக்கு, பெரும்பாலும் ‘இருக்கிற நிலையில்’ என்பதே நிபந்தனை. உத்தரவாதமும் திருப்பிக் கொடுக்கும் வசதியும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே உங்கள் பாதுகாப்பு, வாங்குவதற்கு முன் செய்யும் சோதனையில்தான் இருக்கிறது. அண்டை வீட்டாரிடம் அதைக் கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. அரை மணி நேரம் போதும்.

முதலில் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் சுற்றித் தேயுங்கள். எங்காவது பஞ்சு இழை பிடித்துக்கொண்டால் அங்கே நூல் அறுத்த பள்ளம் இருக்கிறது; புது நூலை அது சில வாரங்களில் உரித்துவிடும். பிடிக்கு அருகிலுள்ள முதல் வளையத்திலும் நுனி வளையத்திலும்தான் இது அதிகம். வளையத்தை மாற்றிக்கொள்ளலாம், அதனால் கோலை நிராகரிக்க வேண்டாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பிறகு கோலை வெயிலில் பிடித்து, கண்ணுக்கு அருகே வைத்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். மேற்பூச்சில் மயிரிழை போன்ற விரிசல்கள் இருப்பது வயதின் அடையாளம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்து, அந்த இடத்தில் விரல் நகத்தை ஓட்டும்போது முள்போல் நார் தட்டுப்பட்டால், உள்ளே நார்கள் ஒடிந்திருக்கின்றன. அந்தக் கோலைக் கீழே வைத்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மூன்றாவதாக, பூட்டிய கோலில் நூலைக் கோத்து, நூலின் முனையை மகன் கையில் கொடுத்துப் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். கோல் கால் வட்டமாக வளையும்வரை மெதுவாக இழுத்தால் போதும். உலோக இணைப்புள்ள கோலில் ‘டிக்’ என்ற சத்தம் கேட்டால், இணைப்பு கோலிலிருந்து தளர்ந்திருக்கிறது. பிறகு கோலை நேராக இழுத்துப் பிரியுங்கள், திருக வேண்டாம். நல்ல உலோக இணைப்பு பிரியும்போது ‘டப்’ என்று காற்றுச் சத்தம் எழுப்பும். உங்கள் மஞ்சள் கோல் இந்தச் சோதனையில் தேறினால் 40 டாலர் கொடுக்கலாம்.

மூன்றையும் வாங்கலாமா

50 டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டிய இரண்டும் சேர்ந்து 150 டாலர். வொண்டர்ராட் 20 டாலருக்குக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது விலை ஏறும் முதலீடு என்ற எண்ணத்தில் வாங்க வேண்டாம். இவை ஆயிரக்கணக்கில் உற்பத்தியானவை. சேகரிப்பாளர்கள் தேடுவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கெடாமல் இருக்கும் கோல்களை. நுனி உடைந்து வளையம் மாற்றிய கோலை அவர்கள் விரும்ப மாட்டார்கள். மஞ்சள் ஃபெதர்லைட்டோ இன்றும் புதிதாகவே கடையில் கிடைக்கிறது. மூன்றில் ஃபென்விக் ஒன்றுக்குத்தான் தொடர்ந்து கேட்பார் உண்டு. அதுவும் வீசுவதற்காகத்தான் தேடப்படுகிறது. பின்னொரு நாள் விற்க நினைத்தால், நாடா பிடித்து அளந்த நீளத்தையும் பழுது பார்த்த இடங்களையும் மறைக்காமல் எழுதி விற்பதே நேர்மை. இணையத்தில் விற்றால், விவரம் தவறென்று வாங்கியவர் திருப்பி அனுப்பும் தொல்லையும் இராது.

கடைசியாக, புல்வெளியில் ஃபென்விக்கை வீசிப் பார்த்தபோது நூல் பின்னால் குவியலாக விழுந்தது என்றும், கோல் ‘தொளதொளவென்று’ இருப்பதாகத் தோன்றியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோலில் குற்றம் இல்லை. கார்பன் கோலின் வேகம் உங்கள் கையில் பதிந்திருக்கிறது. கண்ணாடி வளைந்து நிமிர அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். பின்னால் போன நூல் முழுதாக விரியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி, நூல் நேராவதைக் கண்ணால் பார்த்த பிறகே முன்னால் கொண்டுவாருங்கள். விசையைத் தொடக்கத்தில் கொட்டாமல் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் சட்டென்று நிறுத்துங்கள். ஃபிளைக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டைக் கட்டி, நாளுக்குப் பத்து நிமிடம் வீதம் ஒரு வாரம் பழகினால் கை மாறிவிடும். மெல்லிய கோல் மீனைக் களைக்கவிட்டுக் கொன்றுவிடும் என்ற அச்சமும் வேண்டாம். ஸ்பிரிங் கிரீக்கில் நீங்கள் நிற்கும் பகுதியில் பிடித்த மீனைத் திரும்ப விட்டாக வேண்டும் என்பதால் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நுனியை வானத்தை நோக்கித் தூக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, கோலின் அடிப்பாகத்தின் வலுவில் இழுத்தால், 756 அங்குள்ள பிரவுன் டிரவுட்டை வேகமாகவே கரை சேர்க்கும்.

உரிமம் உங்களுக்கு இருக்கிறது. டிரவுட்டுக்கான அனுமதியையும் சேர்த்து எடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதினாறு வயது ஆகாத மகனுக்குப் பென்சில்வேனியாவில் உரிமம் தேவையில்லை.

முதியவர் நினைவோடு இருக்கிறார், வருகிறவர்களிடம் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் கொடுக்கும் முன் மகளிடம் சொல்லிவிட்டு அவரை ஒரு முறை போய்ப் பாருங்கள். மஞ்சள் கோலில் அவர் எந்த எண் நூலைப் போட்டார் என்பது தேய்ந்துபோன எழுத்தில் இல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும். போகும்போது ஃபென்விக்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த ஓடையில் எந்தத் திருப்பத்தில் அதை வீசினார் என்று கேளுங்கள். ஏழரை அடிக் கோல் எங்கே பொருந்தும் என்பதை உங்கள் ஊர் நீரை அறிந்த அவர் என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார்.